கச்சான் காலத்து வேத வாசிப்பு: எங்கே தொடங்குவது, எங்கே இடறும்?

உப்புவெளி அக்கா | மே 27

தம்பிக்கு 19. ஏ.எல். எழுதிப்போட்டு ரிசல்ட்டுக்குக் காத்திருக்கிறான். ஒரு கூட்டத்துக்குப் போய் வந்த நாளிலிருந்து ஆளே வேறு. ஓகஸ்ட் முடிய முன்னம் முழு வேதாகமத்தையும் வாசித்து முடிப்பேன் என்று ஆதியாகமத்தில் தொடங்கினான். இப்ப யாத்திராகமம் 26இல் நாலு நாளாக நிற்கிறான். அப்பா பக்கம் மெதடிஸ்த சபை, அம்மா பிறப்பில் கத்தோலிக்கம். மேசையில் இரண்டு வேதாகமம், இரண்டிலும் இரண்டு தமிழ். பாட்டுக் கேட்கிறதை விட்டான், வெள்ளிக்கிழமையில் தண்ணி கூடக் குடிக்காமல் உபவாசம், ஓகஸ்டில் கடலில் ஞானஸ்நானம் எடுக்கப் போறானாம். அம்மா அழுகிறா. சண்டை பிடிக்காமல் இவனுக்கு என்ன சொல்லலாம்?

சீ.ஆர். கொப்பி | மே 27

யாத்திராகமம் 26இல் நின்றதில் வியப்பே இல்லை. 25இலிருந்து 31 வரை கூடாரத்தை எப்படிக் கட்டவேண்டும் என்ற கட்டளை. 35இலிருந்து 40 வரை அதே கூடாரத்தைக் கட்டிய கணக்கு, அதே அளவுகளோடு. சொன்னபடியே செய்தார்கள் என்று காட்டத்தான் அந்த இரண்டாம் தடவை. இடையில் 32இல் பொன் கன்றுக்குட்டி வந்து கொஞ்சம் சூடு பிடிக்கும். அதையும் கடந்தால் லேவியராகமம் 27 அதிகாரம் வாசலில் குந்தியிருக்கும்.

கணக்கைப் பாருங்கள். 66 புத்தக வேதாகமத்தில் 1189 அதிகாரம். ஜூன் 1 முதல் ஓகஸ்ட் 31 வரை 92 நாள். நாளுக்குக் கிட்டத்தட்ட 13 அதிகாரம். ஓட்டமாக வாசித்தாலும் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் போகும், பிறகு ஒன்றும் மனதில் நிற்காது. ஒரு வருடத்தில் முடிக்கவே நாளுக்கு 3க்கு மேல் வேண்டும். அம்மாவின் புத்தகத்தில் 73 நூல். அதை எடுத்தால் இன்னும் கூடும்.

92 நாளுக்கு என் பட்டியல்: மாற்கு 16, லூக்கா 24, அப்போஸ்தலர் நடபடிகள் 28, ரோமர் 16, யாக்கோபு 5. மொத்தம் 89. நாளுக்கு ஒரு அதிகாரம், 3 நாள் மிச்சம்.

மாற்கு முதலில் வருவது அது சின்னது என்பதற்காக மட்டும் அல்ல. பிறப்புக் கதை இல்லாமல் நேரே யோர்தான் ஆற்றில் தொடங்கி ஓடும். ‘உடனே’ என்ற சொல் அதன் கிரேக்கத்தில் 40 தடவைக்கு மேல் வரும்; தமிழில் எல்லா இடத்திலும் அதே சொல்லாக வராது, ஆனாலும் முதல் அதிகாரத்தில் மட்டும் எத்தனை என்று பென்சிலால் கீறச் சொல்லுங்கள். லூக்காவும் நடபடிகளும் ஒரே ஆள் ஒரே தெயோப்பிலுவுக்கு எழுதிய இரண்டு பாகம். நடுவில் யோவான் நற்செய்தி நிற்பதால் பலர் இதைக் கவனிப்பதில்லை. யோவானைத் தாண்டி அடுத்தடுத்து வாசித்தால்தான் கதை ஒட்டும்.

பாலையூற்றுப் பீடப்பிள்ளை | மே 28

அம்மா வார நாள் பூசைக்குப் போறவவோ? அப்படியென்றால் ஒன்று சொல்லவேண்டும். பொதுக்காலத்து, அதாவது தவக்காலம், பாஸ்காக் காலம் மாதிரி விசேட காலமில்லாத வாரங்களில், வார நாள் நற்செய்தி வாசகம் முதல் 9 வாரமும் மாற்கு, 10 முதல் 21 வரை மத்தேயு, 22 முதல் 34 வரை லூக்கா. ஜூன், ஜூலை, ஓகஸ்ட் கிட்டத்தட்ட முழுக்கவே மத்தேயு. 10ஆம் வாரத் திங்கள் மலைப்பொழிவில் தொடங்கும், லூக்கா ஓகஸ்ட் கடைசியிலோ செப்டெம்பர் தொடக்கத்திலோ வரும். மகன் மாற்கு, அம்மா மத்தேயு என்றால் சாப்பாட்டு மேசையில் ஆளுக்கொரு கதை. மத்தேயுவைப் போடுங்கோ.

சீ.ஆர். கொப்பி | மே 28

நல்ல குறிப்பு, ஆனால் மத்தேயு 28 அதிகாரம். மாற்குவை எடுத்து அதைப் போட்டால் 12 நாள் கூடும். 89 போய் 101 ஆகும். அதனால் வாசிக்க மாற்கு, கேட்க மத்தேயு. பூசையில் ஒரு நாளைக்குப் பத்துப் பதினைந்து வசனம்தான் வரும். அம்மா வந்து ‘இண்டைக்கு இது வாசிச்சவை’ என்று சொன்னால் போதும். மகனும் அம்மாவும் அழாமல் பேச ஒரு விஷயம் கிடைக்கும்.

சீ.ஆர். கொப்பி | மே 29

நான் போட்ட பட்டியலில் நானே பிழை கண்டேன். 92 நாளில் 89 அதிகாரம் என்றால் மூச்சு விட இடமில்லை. ஒரு காய்ச்சல், ஒரு கலியாண வீடு, ஓகஸ்ட் 15 மடுத் திருவிழாவுக்கு மூன்று நாள் பயணம், அவ்வளவுதான், பிந்திவிடும். பிந்தினால் இளம் பிள்ளைகள் ஒரே நாளில் ஐந்தை விழுங்கப் பார்ப்பார்கள், பிறகு குற்ற உணர்வு, பிறகு புத்தகமே அலுமாரிக்குள். வாசிப்புத் திட்டங்கள் சாவது இப்படித்தான்.

ரோமரை வெட்டுகிறேன். அது 16 அதிகாரத்துக்கும் நீளும் ஒரே வாதம். துண்டு துண்டாக வாசித்தால் 7ஆம் அதிகாரத்தில் ‘நான் செய்ய விரும்புவதைச் செய்யவில்லை’ என்ற இடத்தில் ஆள் தன்னைப் போட்டு நசுக்கிக்கொள்வான், 8க்குப் போகமாட்டான். பதிலுக்குப் பிலிப்பியர் 4. யாக்கோபு 5 அப்படியே நிற்கட்டும். இப்போது 16, 24, 28, 4, 5; மொத்தம் 77. மிச்சம் 15. அதில் ஞாயிறு 13, சில வருடம் 14. ஞாயிற்றுக்கிழமையில் சேர்ச்சில் கேட்பது மட்டும், வீட்டில் வாசிப்பு இல்லை. அதற்குப் பிறகும் ஒன்றிரண்டு நாள் கையில் நிற்கும்.

அதிகாரங்கள் ஒரே அளவில்லை என்பதையும் சொல்லாமல் விட்டேன். மாற்கு 14இல் 72 வசனம், லூக்கா 1இல் 80, லூக்கா 22இல் 71, நடபடிகள் 7இல் 60. அந்த நாள்களில் காலை பாதி, பின்னேரம் பாதி.

திருக்கடல் | மே 29

சங்கீதம் எங்கே? சங்கீதம் இல்லாத வாசிப்பு உப்பில்லாத கறி.

சீ.ஆர். கொப்பி | மே 30

சரி, ஒப்புக்கொள்கிறேன். இலகுவான வழி: திகதியை எடுங்கள், 30, 30ஆகக் கூட்டுங்கள். 5ஆம் திகதி என்றால் 5, 35, 65, 95, 125. ஐந்தையும் மேலோட்டமாகப் பார்த்து, அன்றைய மனதுக்கு ஒட்டும் ஒன்றை மட்டும் வாய்விட்டு வாசிக்க வேண்டும். 29ஆம் திகதி 119 வரும். 176 வசனம், பயப்படத் தேவையில்லை. எபிரேய எழுத்து 22, எழுத்துக்கு 8 வசனம் என்று வெட்டி வைத்திருக்கிறது. ஒரு வெட்டு போதும். 31ஆம் திகதிக்குச் சங்கீதம் மிஞ்சாது, நீதிமொழிகள் 31 சரியாகப் பொருந்தும்.

நினைத்து நினைத்து இன்னொன்று. புலம்பும் சங்கீதங்களைத் தள்ளிவிடச் சொல்லாதீர்கள். 88 கடைசி வரைக்கும் இருட்டிலேயே முடியும், ஆறுதல் வரி ஒன்றும் வராது. கூட்டத்தில் கைதட்டிப் பாடிவிட்டு வந்த பிள்ளைக்கு வேதத்தில் இப்படியும் செபம் இருக்கிறது என்று தெரியவேண்டும்.

உப்புவெளி அக்கா | ஜூன் 2

தொடங்கிவிட்டான். ஆனால் அவன் அப்பாவின் புத்தகத்தில் வாசிக்க, அம்மா தன்ரை புத்தகத்தைத் திறந்து ‘இதில் அப்பிடி இல்லையே’ எண்டுறா. மாற்கு 7இல் ஒரு வசனத்தையே காணேல்லையாம். வட்சப்பில் வேறு ‘வசனத்தைக் களவெடுத்த வேதாகமம்’ என்று ஒரு செய்தி சுத்துது.

சீ.ஆர். கொப்பி | ஜூன் 2

களவு ஒன்றும் போகவில்லை. அப்பாவின் கையில் இருப்பது பழைய திருப்புதல், 1871இல் போவர் ஐயரின் குழு முடித்த மொழிபெயர்ப்பு வழி வந்தது. அம்மாவுடையது திருவிவிலியம், 1995இல் கத்தோலிக்கரும் மற்றச் சபையாரும் சேர்ந்து செய்தது. முதலாவது பிற்காலக் கையெழுத்துப் படிகளை ஒட்டிய கிரேக்கப் பாடத்திலிருந்து வந்தது. இரண்டாவது, அதன் பிறகு கண்டெடுத்து ஒப்பிட்ட மிகப் பழைய படிகளையும் பார்த்தது. மாற்கு 7:16, 9:44, 9:46, 11:26, 15:28, நடபடிகள் 8:37 ஆகியவை பழைய படிகளில் இல்லை. அதனால் புதிய பதிப்புகளில் எண் தாவும், அல்லது வசனம் அடைப்புக்குறிக்குள்ளோ அடிக்குறிப்பிலோ போயிருக்கும். மாற்கு 9:44, 46 இரண்டும் 48இல் உள்ளதேதான். எடுத்தாலும் கருத்து ஒன்றும் குறையாது.

பெரிய இடறல் மாற்கு 16இல் வரும். 9 முதல் 20 வரை உள்ள பகுதி சீனாய், வத்திக்கான் என்ற இரண்டு பழைய படிகளிலும் இல்லை. 8ஆம் வசனம் பெண்கள் பயந்து ஓடியதோடு முடியும். 16ஆம் நாளில் தம்பி தனியாக இதைக் கண்டு திகைக்க முன்னம், 15ஆம் நாளிலேயே சொல்லி வையுங்கள்.

சொல் வேறுபாட்டுக்கு ஒரு சின்னப் பட்டியல் போதும். கொப்பியின் பின் அட்டையில் ஒட்டட்டும். அப்பாவின் புத்தகத்தில் விசுவாசம் என்றால் அம்மாவுடையதில் நம்பிக்கை; அப்படியே கிருபை – அருள், சுவிசேஷம் – நற்செய்தி, பரிசுத்த ஆவி – தூய ஆவி, கர்த்தர் – ஆண்டவர், சங்கீதம் – திருப்பாடல், நடபடிகள் – திருத்தூதர் பணிகள், பிரசங்கி – சபை உரையாளர், உபாகமம் – இணைச்சட்டம். ‘விசுவாசம்’ என்ற இடத்தில் ‘நம்பிக்கை’ போட்டு வாசித்தால் சில வசனம் திடீரென்று பக்கத்து வீட்டுத் தமிழாகிவிடும். சில இடத்தில் பழையதன் ஓசைக்குப் புதியது கிட்டவும் வராது. 23ஆம் சங்கீதத்தை இரண்டிலும் வாய்விட்டு வாசித்துப் பார்த்துத் தம்பியே தீர்மானிக்கட்டும்.

பாலையூற்றுப் பீடப்பிள்ளை | ஜூன் 3

பழையதுக்கும் பழையது இருக்குது. ஒல்லாந்தர் காலத்தில் பிலிப்பு த மெல்லோ புதிய ஏற்பாட்டைத் தமிழாக்கி 1759இல் கொழும்பில் அச்சிட்டார். பிறகு பேர்சிவல் பாதிரியார் ஆறுமுக நாவலரின் துணையோடு யாழ்ப்பாணத்தில் செய்த மொழிபெயர்ப்பு 1850இல் வந்தது. அது நிலைத்திருந்தால் இண்டைக்கு நாங்கள் நாவலர் கை பட்ட வேதாகமம் வாசித்திருப்போம். இந்தியாவில் எடுபடேல்லை.

சீ.ஆர். கொப்பி | ஜூன் 3

பீடப்பிள்ளை வெளிக்கிட்டால் நிற்கமாட்டார். திரும்பி வாருங்கோ.

சீ.ஆர். கொப்பி | ஜூன் 6

புத்தகமும் கொப்பியும் பற்றி. வேதாகமத் தாள் மெல்லிசு. ஜெல் பேனை மறுபக்கம் ஊறும், மஞ்சள் ஹைலைட்டர் இரண்டு பக்கம் தாண்டும். எச்.பி. பென்சில், அல்லது மரக் கலர் பென்சிலின் பக்கவாட்டை லேசாகப் பிடித்துத் தேய்ப்பது. கடலோர வீடு என்றால் உப்புக் காற்றில் தாள் ஓரம் சுருளும். இரவில் புத்தகத்தைத் திறந்து கவிழ்த்து வைக்கவேண்டாம், மூடி மேலே பாரம் வையுங்கள்.

நேரம்: நம்மூரில் ஜூன் மாதம் 6 மணிக்கு முன்னமே வெளிச்சம். கிழக்குப் பார்த்த கடல், காலைக் காற்று இதம். பத்து மணிக்குப் பிறகு கச்சான் காற்று எழும்பினால் விறாந்தையில் பக்கம் நிற்காது. ரப்பர் பட்டி ஒன்றை இடது பக்கத் தாள்களுக்கும் இன்னொன்றை வலது பக்கத் தாள்களுக்கும் மாட்டினால், நடுவில் திறந்த பக்கம் அசையாது. மத்தியான வெக்கையில் வாசித்தால் நித்திரைதான். அதை ஆவிக்குரிய வறட்சி என்று எழுதி வைக்கவேண்டாம், அது வெக்கை.

கொப்பி: 80 பக்கச் சீ.ஆர். கொப்பி போதும். நாளுக்கு மூன்று வரி. யார் என்ன செய்தார் என்று ஒரு வரி. விளங்காதது ஒரு வரி. அன்று வீட்டில் யாருக்காவது செய்யக்கூடிய ஒன்று ஒரு வரி. ‘இன்று கடவுள் எனக்கு என்ன சொன்னார்’ என்று தலைப்புப் போட்டு எழுதச் சொல்லாதீர்கள். பத்தொன்பது வயதில் அந்தத் தலைப்புக்கு எல்லாரும் கூட்டத்தில் கேட்டதையே திருப்பி எழுதுவார்கள். விளங்காத வரிதான் பெறுமதியானது.

கரைவலை | ஜூன் 14

இதில சபைக்காரர் மட்டும்தான் கதைக்கலாமோ? நான் கடல் ஆள், ஒரு விசயம் சொல்லுறன். மாற்கு முதலாம் அதிகாரத்தில சீமோனும் அந்திரேயாவும் போடுறது வீச்சுவலை. தனி ஆள் கரையோரத்தில நிண்டு வீசுறது. கொஞ்சம் தள்ளி யாக்கோபும் யோவானும் படகுக்க இருந்து பழுது பாக்கிறது வேற வலை. மத்தேயு 13:47இல ‘கடலில போட்டு எல்லா வகை மீனையும் வாரிச்சுது’ எண்டு வாறதுதான் எங்கட கரைவலை மாதிரி. வலை மடி கரைக்கு வந்தாப் பிறகு குந்தியிருந்து நல்லதைக் கூடைக்கும் கூடாததை வெளியிலும் போடுறது அப்பிடியே இருக்குது. வலை இழுக்கேக்க ஒருத்தரும் மீனைத் தரம் பிரிக்கிறேல்ல. அவசரப்பட்டு மடியைத் திறந்தா எல்லாம் போயிடும். தம்பிக்கு இதைக் காட்டோணுமெண்டா விடியக் கடற்கரைக்குக் கூட்டிக்கொண்டு வாங்கோ.

சீ.ஆர். கொப்பி | ஜூன் 14

மண்டபம் கட்டி நடத்தும் வேத வகுப்பை விட இது மேல். கிரேக்கத்திலும் மூன்றும் மூன்று சொல். தமிழில் எல்லாம் ‘வலை’ ஆனதால் தெரியாமல் போயிற்று. கலிலேயாக் கடலும் உண்மையில் நன்னீர் ஏரி. நீளம் 21 கிலோமீற்றர், அகலம் 13. உப்புக் கடலை மனதில் வைத்து வாசிக்கவேண்டாம்.

உப்புவெளி அக்கா | ஜூன் 21

வெள்ளிக்கிழமை தலைச்சுற்றி விழப் பார்த்தான். உபவாசம் பற்றிச் சொல்லுங்கோ. பக்கத்து வீட்டு மாமி கோயில் பொங்கல் கொண்டுவந்து தந்தவ, அதையும் தொடமாட்டானாம்.

சீ.ஆர். கொப்பி | ஜூன் 21

இந்த வெக்கையில் தண்ணி விடுவது கூடாது. வியர்த்துக் கொட்டும் நாளில் முதலில் தலையிடி, பிறகு சுற்றல். ஒரு நேரச் சாப்பாட்டை விட்டு, தண்ணீரும் தேசிக்காய்த் தண்ணியும் தாராளமாகக் குடிக்கலாம், உபவாசம் முறியாது. கத்தோலிக்கச் சட்டம் கூட 18 வயதிலிருந்து 59 வரை உள்ளவர்களுக்கு, வருடத்தில் திருநீற்றுப் புதனும் பெரிய வெள்ளியும் மட்டும்தான் கட்டாய நோன்பு என்கிறது. அன்றைக்கும் ஒரு முழுச் சாப்பாடும் இரண்டு சின்னச் சாப்பாடும் உண்டு. விட்ட சாப்பாட்டின் காசு எங்கே போகிறது என்று கேளுங்கள். எசாயா 58 முழுக்க அதுதான்.

பொங்கலுக்கு 1 கொரிந்தியர் 8ஆம் அதிகாரமும் 10:25 முதல் 29 வரையும். பவுல் சொல்வது இரண்டு பக்கமும் வெட்டும்: முன்னால் வைத்ததைக் கேள்வி கேட்காமல் சாப்பிடு, ‘இது படைத்தது’ என்று ஒருவர் சொன்னால், சொன்னவரின் மனச்சாட்சிக்காக விடு. பலிபீடத்தில் பங்கெடுப்பது வேறு, அதை 10:14 முதல் தனியாக மறுக்கிறார். சபைக்குச் சபை இதில் கருத்து வேறு. தம்பி சாப்பிடாவிட்டாலும் சாப்பிட்டாலும், மாமியின் பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பிக் கொடுக்கக் கூடாது. மாமிக்கு முன்னால் முகத்தைச் சுளித்தால், சாப்பாட்டை வைத்து ஒருவரை ஒருவர் இகழாதே என்ற ரோமர் 14 முழுவதும் தோற்றது என்று அர்த்தம்.

பாட்டு விட்டது பற்றிப் பலர் பதறுகிறார்கள். நான் பதறமாட்டேன். மூன்று மாதம் பாட்டில்லாமல் இருந்தால் காது சுத்தமாகும். ஆனால் ‘இனி எப்போதும்’ என்று நேர்த்தி வைக்க விடாதீர்கள். பிரசங்கி 5 அதைத்தான் எச்சரிக்கிறது.

திருக்கடல் | ஜூலை 9

எல்லாரும் சுத்திச் சுத்தி வருகினம், கடலில ஞானஸ்நானம் பற்றி ஒருத்தரும் தொடுறேல்ல.

சீ.ஆர். கொப்பி | ஜூலை 9

பயம்தான். சரி, தொடுவோம்.

முதல் கேள்வி: குழந்தையில் கொடுத்தார்களா? மெதடிஸ்த, அங்கிலிக்கன், கத்தோலிக்கச் சபைகள் மூன்றுக்கும் அது முழு ஞானஸ்நானம், திரும்பக் கொடுப்பதில்லை. வளர்ந்த பிறகு சொந்த வாயால் அறிக்கையிட மெதடிஸ்தத்தில் அங்கத்துவம் பெறும் வழிபாடு, கத்தோலிக்கத்தில் உறுதிபூசுதல். பெந்தெகொஸ்தே, பாப்திஸ்துச் சபைகள் விசுவாச அறிக்கைக்குப் பிறகு முழுக்குவதையே ஞானஸ்நானம் என்கின்றன. அவர்கள் கண்ணில் இது இரண்டாவது அல்ல, முதலாவது. இந்த வேறுபாட்டை இரண்டு பக்கமும் ஒளித்துப் பேசுவதால்தான் அம்மாமார் அழுகிறார்கள். தம்பி இதை முன்கூட்டியே தெரிந்து முடிவெடுக்கவேண்டும். அம்மாவின் சபை அவனை இரண்டாம் தரம் எடுக்கச் சொல்லாது, ஏற்றுக்கொள்ளவும் மாட்டாது.

வாய்பாடும் முக்கியம். கத்தோலிக்கக் கணக்கில் தண்ணீரும் ‘தந்தை, மகன், தூய ஆவியின் பெயராலே’ என்பதும் வேண்டும். ‘நாங்கள் உனக்குத் திருமுழுக்குக் கொடுக்கிறோம்’ என்று பன்மையில் சொன்னால் அது செல்லாது என்று 2020 ஓகஸ்டில் உரோமை அறிவித்தது. ஒருமை, பன்மையில் அவ்வளவு கிடக்கிறது. பதிவேட்டில் பெயர், திகதி, கொடுத்தவர் சரியா என்று இப்போதே பார்த்து வையுங்கள். பிறகு கலியாணத்துக்குக் கேட்பார்கள். கத்தோலிக்கக் கோயில்களில் வழக்கமாக ஆறு மாதத்துக்குள் எடுத்த பிரதிதான் செல்லும்.

எடுக்கிறதுதான் முடிவு என்றால் சில நடைமுறை. விடியற்காலை, காற்று எழும்ப முன்னம். இடுப்பளவு ஆழம், மணல் தரை. தடித்த பருத்தி உடுப்பு, கடும் நிறம். வெள்ளை நனைந்தால் ஒட்டிப் பிடித்துத் தெரியும். சங்கிலி, கண்ணாடி கரையில். இரு பக்கமும் ஆள் நிற்கவேண்டும். ஒருவர் முதுகையும் பிடரியையும் தாங்க, எடுப்பவர் மூக்கைப் பிடித்து முழங்காலை மடிக்க, இரண்டு அலைக்கு இடையில் சாய்ப்பது. துவாயும் மாற்று உடுப்பும் கொடுக்கக் கரையில் ஒரு ஆள்.

கரைவலை | ஜூலை 9

சொறி (ஜெலிமீன்) மிதக்குதோ எண்டும் பாக்கச் சொல்லுங்கோ. பழைய மனுசனைப் புதைச்சுப்போட்டுப் புது மனுசன் சொறிஞ்சுகொண்டு வரக்கூடாது.

சீ.ஆர். கொப்பி | ஜூலை 11

இரண்டு நாளாக ஒன்று உறுத்துகிறது. எப்படி முழுக்குவது என்று எழுதினேன், எப்போது என்று எழுதவில்லை.

பிறகு ஆயரும் புனிதருமான அகுஸ்தீன், 19 வயதில் உரோமை எழுத்தாளர் சிசரோவின் நூல் ஒன்றை வாசித்துத் தீப்பற்றி, பிறகு வேதத்தை எடுத்தார். நடை நயமில்லை என்று கீழே வைத்தார். மிலான் தோட்டத்தில் பவுலின் ரோமரைத் திறந்து 13ஆம் அதிகாரக் கடைசி இரண்டு வசனம் வாசித்தது 386இல், 31 வயதில். அதுவும் ஓகஸ்ட் மாதம்தான். அடுத்த நாள் ஓடிப்போய் வேலையை விட்டெறியவில்லை. திராட்சை அறுவடை விடுமுறைக்கு இன்னும் இருபது நாள் வரையில் இருந்தது. அது வரை படிப்பித்துவிட்டு, சத்தமில்லாமல் விலகினார். ஞானஸ்நானம் 387 உயிர்ப்புத் திருநாளில். எட்டு மாதம். இடையில் ஆயர் அம்புரோசு எசாயாவை வாசிக்கச் சொன்னார். முதல் பகுதியே விளங்காமல் பிறகு பார்ப்போம் என்று மூடி வைத்துவிட்டார். இதை அவரே எழுதி வைத்திருக்கிறார். யாத்திராகமம் 26இல் நின்றவனுக்கு இதைச் சொல்லுங்கள்.

எந்தச் சபையிலென்றாலும் ஓகஸ்டை விட்டு, வாடை அடங்கி வெயில் திரும்பும் மாதம் வரை பொறுக்கச் சொல்வேன். அப்போதும் வேண்டுமென்றால் அப்போது கடலும் அங்கேதான் இருக்கும்.

பாலையூற்றுப் பீடப்பிள்ளை | ஜூலை 12

அகுஸ்தீனின் அம்மா மோனிக்காவும் அழுதவதானே. அவவின் திருநாள் ஓகஸ்ட் 27, மகனுடையது அடுத்த நாள். அக்காவின் அம்மாவுக்குச் சொல்லுங்கோ.

உப்புவெளி அக்கா | ஓகஸ்ட் 29

ஆள் நடபடிகள் 27இல் நிற்கிறான். பிலிப்பியரும் யாக்கோபும் செப்டெம்பருக்குத் தள்ளிப்போச்சு. கடலைப் பிறகு பார்ப்பமாம். 27இல் கப்பல் விஷயம் ஒன்றும் விளங்கேல்லையாம்.

கரைவலை | ஓகஸ்ட் 29

இது என்ர அதிகாரம். உபவாச நாள் போயிட்டுது எண்டு 9ஆம் வசனத்தில வருதெல்லோ? அது யூதரின்ர பாவநிவாரண நாள், செப்டெம்பர் ஒக்டோபர் வாக்கில. அதுக்குப் பிறகு அந்தக் கடலில ஓடுறது ஆபத்து, எங்களுக்குக் கார்த்திகை மார்கழி மாதிரி. 14இல வாற காத்துக்கு அப்பான்ர புத்தகத்தில யூரோக்கிலிதோன் எண்டு கிரேக்கப் பேர் அப்பிடியே கிடக்குது. அம்மான்ர புத்தகத்தில வாடைக்கொண்டல். வாடையும் கொண்டலும் சேந்தா வடகிழக்கு. சரியாப் போட்டிருக்கினம், ஆரோ காத்துத் தெரிஞ்ச மனுசன். 28இல ஆழம் பாக்கினம், இருபது பாகம், பிறகு பதினைஞ்சு. ரெண்டு கையையும் விரிச்ச நீளம் ஒரு பாகம், நாங்கள் இப்பவும் அப்பிடித்தான் அளக்கிறது. இருபது பதினைஞ்சாக் குறைஞ்சா கரை கிட்ட எண்டு அர்த்தம், இருட்டில பாறையில ஏறிடும். அதுதான் பின்னணியத்தில நாலு நங்கூரம். அணியத்தில போட்டா கப்பல் சுழண்டுடும். பின்னால போட்டா மூக்குக் கரையைப் பாத்தபடி நிக்கும், விடிஞ்சதும் அறுத்து விட்டு நேர ஏறலாம். 40இல அதைத்தான் செய்யினம். 276 பேர், ஒருத்தரும் சாகேல்ல.

சீ.ஆர். கொப்பி | ஓகஸ்ட் 30

எனக்கு இதில் சேர்க்க ஒன்றும் இல்லை. பிந்தியதைப் பற்றிக் கவலை வேண்டாம். 9 அதிகாரம்தான், செப்டெம்பர் பத்துக்குள் முடியும்.

உப்புவெளி அக்கா | செப்டெம்பர் 12

முடித்தான். நேற்றுத் தானாகவே யாத்திராகமம் 26ஐத் திரும்ப எடுத்தான். அம்மா தையல்காரி எண்டு நான் சொல்லேல்லையோ? மெஷினில் இருந்தபடியே கேட்டுக்கொண்டிருந்தவ, வாசி வாசி எண்டா. உள் திரை பத்து, நீளம் 28 முழம், அகலம் 4. ஐந்து ஐந்தாகச் சேர்த்து, ஓரத்தில் 50 காது, 50 பொன் கொக்கி. மேலே போடும் ஆட்டுமயிர்த் திரை மட்டும் பதினொன்று, அது 30 முழம். ஒன்று ஏன் கூட எண்டு இவன் கேட்க, அம்மா ஊசியை வாயில் வைத்துக்கொண்டே, ‘முன்னுக்கு மடிச்சுத் தைக்க வேணுமெல்லோ, மேல் துணி எப்பவும் கூடத்தான் வெட்டுறது’ எண்டா. 9ஆம் வசனத்தில் அப்படியே இருக்குது.